மரம் ஏறுதலும் மரம் பேணுதலும்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட ஆற்காடு என்ற பெயர் இன்று பழைய பத்திரங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. 1989-இல் அந்த மாவட்டம் இரண்டானது. பின்னர் வேலூர் என்று பெயர் பெற்ற பகுதியும் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. மரவேலைக்கு இந்த எல்லைகளால் ஒன்றும் ஆவதில்லை. பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பு, சாலையோரப் புளி, ஊர்க்கோடிப் பனை, வாசல் வேம்பு என்று வட்டாரம் முழுவதும் ஒரே மரங்கள், ஒரே தவறுகள். என் தகப்பனார் அணைக்கட்டுப் பக்கம் தென்னை ஏறியவர். நானும் அதில்தான் தொடங்கினேன். பிறகு கயிறு, ஹார்னஸ் என்னும் உடல்பட்டை, ரம்பம் ஆகியவற்றைக் கொண்டு பெரிய மரங்களைக் கழிக்கும் வேலைக்கு வந்தேன். தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களும், வீட்டு மரத்துக்கு ஆள் தேடுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

மரம் ஏறுபவர், மரம் வெட்டுபவர், மரப் பராமரிப்பாளர் ஆகிய மூவரும் ஒருவர்தானா?

ஒரே ஆள் மூன்றையும் செய்யலாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு அறிவு. ஏறுபவருக்கு மேலே போய்ப் பத்திரமாக இறங்கத் தெரியும். வெட்டுபவருக்கு மரத்தை நினைத்த பக்கம் சாய்க்கத் தெரியும். எந்தக் கிளையை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, எடுத்த காயத்தை மரம் எப்படி மூடிக்கொள்ளும் என்று தெரிந்து, அதற்குத் தகுந்தபடி ஏறி வேலை செய்பவரே மரப் பராமரிப்பாளர். ஆங்கிலத்தில் ஆர்பரிஸ்ட் என்பார்கள். நம் ஊரில் இந்தப் பெயரில் யாரும் பலகை மாட்டுவதில்லை என்பதால், ஆள் அழைக்கும்போது பெயரைப் பார்க்காமல், “இந்தக் கிளையை எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?” என்று மரத்தடியில் நின்று கேளுங்கள். விடை சொல்லும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பனையும் தென்னையும் ஏறத் தெரிந்தவர் புளியும் வேம்பும் ஏறலாம்தானே?

ஏறிவிடுவார். வேலையைப் பாதுகாப்பாக முடித்து இறங்குவாரா என்பது தனிக் கேள்வி.

பனையேறியின் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. காலில் தளைக்கயிறு, இடுப்பில் ஒரு பெட்டியும் பாளை சீவும் அரிவாளும், அவ்வளவுதான் அவருடைய தளவாடம். உள்ளங்கால் இரண்டும் தண்டை இருபுறமும் அணைத்துக்கொள்ள, மார்பு மரத்தில் உராயாதபடி கைகளால் உடலை மேலே தூக்கி, தளையை ஓர் உந்தில் மேலேற்றுவார். நெஞ்சிலும் முழங்கையின் உட்புறத்திலும் தோல் காய்ப்பேறி, மரப்பட்டையைப் போலவே இருக்கும். ஆனால் இந்த முறை முழுவதும் ஒன்றை நம்பியிருக்கிறது: மரம் ஒற்றைத் தண்டாக, கிளையில்லாமல், ஏறத்தாழ ஒரே பருமனாக நிற்க வேண்டும். கைப்பிடி வழுவினால் தடுத்து நிறுத்த இரண்டாவது ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

புளியமரத்தில் வேலை தண்டில் இல்லை, தண்டிலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி, மெலிந்துகொண்டே போகும் கிளையின் நுனிப்பக்கம் இருக்கிறது. அங்கே அணைத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அங்கே எடையைத் தாங்க வேண்டியது தலைக்கு மேலே, நல்ல கவையில் போட்ட கயிறு. தென்னை ஏறியவருக்கு உயரத்தில் பயமிருக்காது, காற்றில் மரம் ஆடும் விதம் உடம்புக்குத் தெரிந்திருக்கும்; இவை பெரிய முதலீடு. அவர் கயிற்றை நம்பக் கற்றுக்கொள்வதுதான் சிரமம். எனக்கே கையை விட்டுவிட்டு ஹார்னஸில் உட்காரப் பல நாள் ஆயிற்று.

ஏறுவதற்கு முன் மரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

என் கணக்கில் வேலையின் பாதி இதுதான். மரத்தை ஒரு முறை தூரத்திலிருந்து சுற்றி வர வேண்டும், ஒரு முறை தூரைத் தொட்டபடி சுற்றி வர வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும்போது மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தலையில் எந்தப் பகுதி இலையில்லாமல் காய்ந்திருக்கிறது, உடைந்த கிளை எங்காவது மாட்டித் தொங்குகிறதா, மின்கம்பி எந்த உயரத்தில் எவ்வளவு தள்ளிப் போகிறது என்பவை தெரியும். கிட்டே வந்தால் தூரைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்த மரத்தின் எதிர்ப்பக்கத்தில் புதிதாக மண் விரிசல் கண்டால், அந்த மரம் வேரோடு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தூரில் அடுக்கடுக்காகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே வேரோ தண்டின் அடியோ அழுகிக்கொண்டிருக்கிறது. தென்னையில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு கசிந்தால் அது தஞ்சாவூர் வாடல் என்று வழங்கும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதையும் ஒரு காளானே உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட தென்னையில், வெளியே தண்டு முழுதாகத் தெரிந்தாலும், நான் காலை வைப்பதில்லை.

பிறகு தட்டிப் பார்க்க வேண்டும். கொடுவாளின் பின்புறத்தாலோ மரச்சுத்தியாலோ இடுப்பளவு உயரத்தில் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால், உறுதியான இடம் கட்டையாகச் சுருக்கமாக ஒலிக்கும். பொந்து உள்ள இடம் காலிப் பானையைப் போல் நீண்டு ஒலிக்கும். குடியாத்தம் சாலையோரப் புளி ஒன்றில் வடக்குப் பக்கம் முழுவதும் கட்டையாக ஒலித்துவிட்டு, தென்மேற்கில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் ஒலி மாறியது. பட்டையில் கீறல்கூட இல்லை. கம்பியை நுழைத்துப் பார்த்தபோது நான்கு விரல் கனத்துக்குப் பிறகு எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. பழைய புளிகளில் பெரும்பாலானவை இப்படி உள்ளே குடைந்தவையே. பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. சுற்றியுள்ள சுவர் போதிய கனத்தோடு முழு வட்டமாக இருந்தால் குழாயைப் போலத் தாங்கும். சுவரில் ஒரு பக்கம் திறந்துகொண்டால்தான் ஆபத்து. தட்டுவது அந்தக் கனத்தைத் தோராயமாகச் சொல்லும், துல்லியமாகச் சொல்லாது. ஐயம் வந்தால் அந்த மரத்தில் கயிறு போடாமல், பக்கத்து மரத்திலிருந்தோ கூடையுள்ள தூக்கி வண்டியிலிருந்தோதான் வேலை செய்ய வேண்டும்.

இரண்டு தண்டுகள் சேரும் கவையையும் பார்க்க வேண்டும். அகன்ற ஆங்கில யூ எழுத்தைப் போன்ற கவை உறுதியானது. வீ எழுத்தைப் போல் நெருங்கி, நடுவில் பட்டை உள்மடிந்து போயிருக்கும் கவை காற்றில் பிளக்கும். மயில்கொன்றையிலும் தூங்குமூஞ்சியிலும் இதை நிறையக் காணலாம். முருங்கை எந்தக் கவையாக இருந்தாலும் முறியும். அதில் ஆள் ஏறவே கூடாது என்பது பாட்டிமார் சொன்ன சட்டம், அதை நான் மீறியதில்லை.

எங்கள் வேப்பமரம் முழுவதும் கருகிவிட்டது. வெட்டிவிடலாமா?

பொறுங்கள். அண்மை ஆண்டுகளில், குறிப்பாக மழைக்காலத்தை ஒட்டி, வேம்பின் நுனிக்கிளைகள் தீய்ந்ததுபோல் பழுப்பாகிவிடுவதைத் தமிழகமெங்கும் காண்கிறோம். தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தளிரை உறிஞ்சுவதும், அதன் பின்னே ஒரு பூஞ்சை நுனியிலிருந்து கீழாகக் கிளையைக் கருக்குவதும் இதற்குக் காரணம். பெரும்பாலான மரங்கள் கோடைத் தொடக்கத்தில் மறுபடி துளிர்க்கின்றன. ஒரு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. செத்துவிட்டது என்று நினைத்து இவ்வட்டாரத்தில் வெட்டிய வேம்புகளில் பாதி உயிருள்ளவை என்பது என் கணிப்பு.

தொழிலுக்கு வருபவர் முதலில் எந்தக் கருவிகளை வாங்க வேண்டும்?

உயிரைப் பிடித்திருப்பவற்றை முதலிலும் மரத்தை வெட்டுபவற்றைப் பிறகும் வாங்குங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரம்பத்துக்குப் பெரும்பணம் கொடுத்துவிட்டு, தாம்புக்கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறுகிறார்கள்.

மரவேலைக்கான ஹார்னஸ் இடுப்பையும் இரு தொடைகளையும் தாங்கும். அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்யலாம். அதன் பட்டையில் ஈ.என். 813, ஈ.என். 358 என்ற ஐரோப்பியத் தர எண்கள் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறும் கயிறு, உறையும் உட்கருவும் உள்ளதாக, 11 முதல் 13 மில்லிமீட்டர் பருமனில், குறைந்தது 24 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,400 கிலோ எடை தாங்கும் முறிவு வலிமையோடு இருக்க வேண்டும். எண்பது கிலோ ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். முடிச்சுப் போட்டால் வலிமை குறையும், வளைவில் குறையும், வெயிலிலும் அழுக்கிலும் குறையும், திடீரென வழுக்கி விழும்போது உடல் எடை பல மடங்காகக் கயிற்றில் இறங்கும். அத்தனைக்கும் சேர்த்தே இந்தக் கணக்கு.

காராபினர் எனப்படும் பூட்டுக் கொக்கிகளில், தானாக மூடிப் பூட்டிக்கொள்பவற்றை மட்டும் வாங்குங்கள். திருகிப் பூட்டும் வகை மரக்கிளையில் உராய்ந்தே திறந்துகொள்ளும். இவற்றோடு தண்டைச் சுற்றிப் போடும் நிலைக்கயிறு ஒன்று, தாடைப்பட்டையுள்ள தலைக்கவசம், கண்கண்ணாடி, உறையோடு கூடிய வளைந்த கைரம்பம் இருந்தால் தொடங்கலாம். சங்கிலி ரம்பத்துக்கு இரண்டாம் ஆண்டில் ஆசைப்பட்டால் போதும். நல்ல கைரம்பம் மணிக்கட்டுப் பருமனுள்ள வேம்புக் கிளையைச் சில நொடிகளில் அறுத்துவிடும்.

கடையில் கிடைக்கும் நைலான் கயிறோ கட்டட வேலை பெல்ட்டோ போதாதா?

போதாது. நீலத்திலும் பச்சையிலும் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு வேலூர் வெயிலில் ஒரு கோடை கிடந்தாலே தூள் தூளாக உதிரத் தொடங்கும். அதன் முறிவு வலிமை எவ்வளவு என்று விற்பவருக்கும் தெரியாது. கிளையை இறக்கவோ கட்டி இழுக்கவோ பயன்படுத்துங்கள், ஆளைத் தொங்கவிட வேண்டாம்.

கட்டட வேலைக்கான முழு உடல் ஹார்னஸ் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரத்தில் வருகிறது. அது விழுபவரைத் தடுத்து நிறுத்துவதற்காகச் செய்தது; அதன் கொக்கி முதுகில் இருக்கும். அதில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. இடுப்பில் மட்டும் கட்டும் ஒற்றை பெல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை: விழுந்தால் விலாவையும் குடலையும் நசுக்கும், அல்லது ஆள் தலைகீழாகி நழுவிவிடுவார்.

கயிற்றில் எப்படி ஏறுகிறீர்கள்?

முந்நூறு கிராம் எடையுள்ள சிறு மணல்பையை மெல்லிய நூற்கயிற்றில் கட்டி, கீழே நின்றபடி, தேர்ந்தெடுத்த கவைக்கு மேலாக வீசுவோம். பை மறுபக்கம் இறங்கியதும் அந்த நூலைக்கொண்டு ஏறும் கயிற்றை இழுத்துக் கவையில் போடுவோம். போட்டவுடன் ஏறுவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் முழு எடையோடு தொங்கி, கவையை உற்றுப் பார்த்து, சிறு முறிவொலியும் இல்லை என்றால்தான் ஏறுவோம். கயிறு போடும் கிளை அந்த இடத்தில் குறைந்தது என் முன்னங்கைப் பருமனாவது இருக்க வேண்டும், உயிருள்ளதாகவும் இருக்க வேண்டும்.

ஏறும் கயிற்றின்மேல் இன்னொரு சிறு கயிற்றைச் சுற்றிப் போடும் உராய்வு முடிச்சுதான் முறையின் உயிர்நாடி. பிரஸிக், பிளேக் என்று பல வகை முடிச்சுகள் உண்டு. எடை இறங்கினால் முடிச்சு கயிற்றைக் கவ்விப் பிடிக்கும். எடையை எடுத்துக் கையால் தள்ளினால் மேலே நகரும். முடிச்சின் தலையை மெல்ல அழுத்தினால் ஆள் கீழே இறங்கலாம். வேகமாக இறங்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சுக் கயிறு உருகும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். இறங்குவது ஏறுவதைவிட மெதுவாகவே இருக்கட்டும்.

ஆணி வைத்த காலணியை மாட்டிக்கொண்டு ஏறினால் எளிதாயிற்றே?

வெட்டி எடுத்துவிடப் போகும் மரத்தில் மட்டும். வாழப்போகும் மரத்தில் ஒவ்வோர் அடியும் ஒரு புண், ஒவ்வொரு புண்ணும் பூஞ்சைக்குக் கதவு.

மரத்தின் மேல் சங்கிலி ரம்பம் பயன்படுத்தும்போது என்ன கவனம் வேண்டும்?

முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. அது எதைத் தொட்டாலும், கயிறானாலும் தொடையானாலும், முடிந்தது. அதனால் ரம்பம் ஓடும்போது ஆள் இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும்: தலைக்கு மேலே ஏறும் கயிறு ஒன்று, தண்டைச் சுற்றிய நிலைக்கயிறு ஒன்று. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று பிடிக்கும்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. வேலூரை அடுத்த ஒரு வளாகத்தில் தூங்குமூஞ்சி மரமொன்றின் பக்கக்கிளையை அறுத்துக்கொண்டிருந்தேன். நேரம் போகிறது என்று ஏறும் கயிற்றைக் கழற்றி அடுத்த கவைக்கு மாற்றுவதற்குள், நிலைக்கயிற்றை மட்டும் நம்பி வெட்டைத் தொடங்கிவிட்டேன். கிளை எதிர்பார்த்ததற்கு முன்பே முறிந்து இறங்கியது. ரம்பத்தின் நுனி பின்னால் துள்ளி வந்து நிலைக்கயிற்றை உரசியது. நின்று பார்த்தபோது உறை முழுவதும் அறுந்து, உள்ளே வெள்ளை இழைகள் பஞ்சுபோல் வெளியே வந்திருந்தன. எத்தனை இழை மிஞ்சியிருந்தது என்று நான் எண்ணவில்லை. தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கீழே இருந்த பையனிடம் கயிற்றை மேலே அனுப்பச் சொன்னேன். என் தகப்பனாரிடமிருந்து வந்த அந்தத் தென்னைப் பிடிதான் அன்றைக்கு உதவியது. அதற்குப் பிறகு உள்ளே எஃகுக் கம்பி ஓடும் நிலைக்கயிற்றுக்கு மாறினேன். அதுவும் சங்கிலியைச் சிறிது தாமதப்படுத்தும், அவ்வளவே.

மற்றபடி, ரம்பத்தை இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். நுனியின் மேற்பாதியால் எதையும் தொடக்கூடாது, துள்ளுவது அங்கிருந்துதான். தோளுக்கு மேல் தூக்கி வெட்டக்கூடாது.

கிளையை எந்த இடத்தில், எப்படி வெட்ட வேண்டும்?

கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்தைச் சுற்றிய மடிப்பைப்போல ஒரு புடைப்பு இருக்கும். காயத்தை மூடும் திசு அந்தப் புடைப்பிலிருந்தே வளரும். அதைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்டி வழவழப்பாக வெட்டுவது பார்க்க அழகு. காயமோ இருமடங்கு பெரிது. நீளமான முண்டு விட்டாலும் அது செத்து, அழுகலைத் தண்டுக்குள் அழைத்துச் செல்லும். மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, அழுகிய பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அதற்கு மேல் புதிதாக வளர்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டினார். வெட்டிய இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுவதால் அந்தச் சுவருக்கு எந்த உதவியும் இல்லை.

கனத்த கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கம் கால்பங்கு வெட்டு. பிறகு அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து வெட்டினால் கிளை முறிந்து விழும். கடைசியாக மிஞ்சிய முண்டைப் புடைப்புக்கு வெளியே அறுத்து எடுக்கலாம். அடிவெட்டு இல்லாமல் மேலிருந்து அறுத்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையை ஆளுயரத்துக்கு உரித்துக்கொண்டு போகும். கீழே ஓட்டுவீடோ மதிலோ இருந்தால் கிளையைக் கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பச்சைப் புளியங்கட்டை எழுபது கிலோவுக்கு வரும். “சின்னத் துண்டுதானே” என்று தள்ளிவிட்டவர்கள் பிறகு ஓடு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

புயலுக்கு முன் மரத்தை மொட்டையடித்துவிட்டால் பாதுகாப்புத்தானே?

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அப்படித் தோன்றும். மொட்டையடித்த இடத்தைச் சுற்றிக் கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகள் தண்டின் உள்ளிருந்து வராமல் மேற்பட்டையில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. கீழே வெட்டு வாய் அழுகிக்கொண்டிருக்கும். கனத்ததும் கொத்தோடு பிய்த்துக்கொண்டு விழும். காய்ந்ததையும் உரசிக்கொள்வதையும் எடுத்து, தலையைக் கொஞ்சம் கலைத்துக் காற்றுப் போக வழி செய்தால் போதும். ஒரே முறையில் உயிருள்ள தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. முதிய மரத்தில் அதைவிடவும் குறைவாக. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஆவணி புரட்டாசிக்குள் இதை முடித்துவிடுவது நல்லது. ஐப்பசியில் புயல் அறிவிப்பு வந்த மறுநாள் அழைப்பவர்களுக்கு ஆள் கிடைக்காது.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால்?

கிளையோ கருவியோ ஆளோ மின்கம்பியிலிருந்து மூன்று மீட்டருக்குள் வரக்கூடிய நிலை இருந்தால், மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை. ஊருக்குள் போகும் உயரழுத்தக் கம்பிகளில் 11,000 அல்லது 22,000 வோல்ட் ஓடுகிறது. அதற்குத் தொட வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, நெருங்கினாலே பாயும். பச்சைத் தென்னமட்டையும் ஈரக்கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். நம் பக்கம் மாங்காயும் முருங்கைக்கீரையும் பறிக்க இரும்புக் குழாயில் துறட்டி செய்து வைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூங்கிலுக்குத் திரும்புங்கள், அதுவும் காய்ந்த மூங்கிலாக இருக்கட்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ஊழியர் வந்து நிறுத்தி, நிறுத்தியதை உங்கள் கண்முன் உறுதிசெய்யும்வரை ஏறாதீர்கள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ கம்பியைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம்.

தேனீ, எறும்பு, பாம்பு இவற்றை எப்படிச் சமாளிப்பது?

பாம்பைப் பற்றிய பயம்தான் அதிகம், ஆபத்து குறைவு. மரத்தில் காணும் கொம்பேறி மூக்கன் நஞ்சற்றது. கடித்துவிட்டுச் சுடுகாட்டில் பிணம் எரிவதைப் பார்க்கும் என்பது வெறும் கதை. முசுறு எறும்பு கடித்தால் எரியும், அதுவும் கண்ணருகே என்றால் பிடி வழுவும். உண்மையில் ஆளைக் கொல்லக்கூடியது மலைத்தேனீ. பெரிய மரங்களின் உயர்ந்த கிளைக்கு அடியில் ஒற்றை அடையாகத் தொங்கும். ரம்ப ஒலியும் அதிர்வும் கிளப்பிவிட்டால் கூட்டமாக நெடுந்தூரம் துரத்தும், கயிற்றில் தொங்குபவர் ஓடவும் முடியாது. அடை கண்ணில் பட்டால் அன்றைக்கு அந்த மரத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

எந்த நேரத்தில் ஏறலாம்?

கோடையில் விடிந்ததும் ஏறி, பதினொரு மணிக்குள் இறங்கிவிடுவது எங்கள் வழக்கம். அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூரில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. தலைக்கவசத்தோடு ஹார்னஸில் இருப்பவருக்கு மயக்கம் சொல்லிக்கொண்டு வராது. மழையில் நனைந்த பட்டையில் ஏறக்கூடாது. இடி கேட்டால் இறங்க வேண்டும், கடைசி இடியிலிருந்து அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். நுனிக்கிளை ஆடுவதோடு நில்லாமல் பெரிய கிளையும் ஆடத் தொடங்கினால் அன்றைய காற்று நமக்கானதில்லை.

தனியாக வேலை செய்யலாமா? விழுந்துவிட்டால் என்ன செய்வது?

தனியாக ஒருபோதும் கூடாது. கீழே இருப்பவர் கயிறு பிடிப்பதற்கும் மிலாறு பொறுக்குவதற்கும் மட்டுமானவர் இல்லை. ஏறி மீட்கத் தெரிந்தவராக, தனக்கென்று ஒரு ஹார்னஸும் கயிறும் கையருகே வைத்திருப்பவராக இருக்க வேண்டும். அடிபட்டோ மயங்கியோ ஹார்னஸில் அசைவற்றுத் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். தீயணைப்புத் துறை வரட்டும் என்று காத்திருக்க அங்கே நேரமில்லை. அழைத்துவிட்டு, இறக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஒன்றரை நொடிக்குள், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். அப்படி விழுந்தவரை நான்கு பேர் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெருங்கொடுமை. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே தண்டுவடம் நசுங்கி, நடக்கக்கூடியவர் நடக்க முடியாதவராகிவிடுவார். தலையையும் கழுத்தையும் அசையாமல் இரு கைகளால் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். இரத்தம் பீறிட்டால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். குடிக்க எதுவும் தராதீர்கள்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். அது இன்றும் பாகாயத்தில் இயங்குகிறது. மரத்திலிருந்து விழுந்தவர்களுக்கு அங்கே சக்கர நாற்காலியில் வாழக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

காப்பீடு உண்டா?

உண்டு, எடுப்பவர்கள்தான் குறைவு. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. 18 முதல் 70 வயதுவரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். தென்னை ஏறுபவர்களுக்கெனத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா திட்டம் இருக்கிறது. பனை ஏறுபவர்கள் தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: கூலி பேசும்போது இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்த 20 ரூபாயை நீங்களே கட்டிவிடுங்கள்.

சொந்த நிலத்து மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?

மரத்தையும் இடத்தையும் பொறுத்தது. பனை நம் மாநில மரம்; அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. சந்தனம் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே தானாக முளைத்திருந்தாலும் வனத்துறை வழியாகத்தான் வெட்டவும் விற்கவும் முடியும். சவ்வாது மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அரசுக் காப்புக்கு உட்பட்ட மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. சாலையோரத்திலும் அரசு வளாகத்திலும் உள்ள மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை. உங்கள் வாசலுக்கு நேராக நிற்கிறது என்பதாலேயே நெடுஞ்சாலைத் துறையின் புளி உங்களுடையதாகிவிடாது. கிளையைக் கழிக்கவும் கேட்டாக வேண்டும்.

தென்னை ஏறும் இயந்திரம் பயன் தருமா?

புதியவர்களுக்கு நிச்சயமாக. கேரளத்தின் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி ஒருவர் உருவாக்கிய, இரு கால்களாலும் மாறி மாறி மிதித்து ஏறும் மாதிரிதான் அதிகம் புழங்குகிறது. பெண்களும் அதில் ஏறி நல்ல கூலி பெறுகிறார்கள். இயந்திரத்தோடு பாதுகாப்புக் கயிற்றையும் கட்டாயம் மாட்ட வேண்டும். அது இடைஞ்சல் என்று கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்டு வளைந்த, அடி பெருத்த மரங்களில் அது ஒத்துவராது. பயிற்சிக்கு விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

கூலியை எப்படிப் பேசுவது?

தென்னைக்கு மரக்கணக்கு. பெரிய மரங்களுக்கு நேரில் பார்க்காமல் தொகை சொல்பவரையும், மரத்தைப் பார்க்காமல் விறகின் விலையைப் பார்ப்பவரையும் தவிர்த்துவிடுங்கள். “விறகை எடுத்துக்கொள்கிறேன், கூலி வேண்டாம்” என்பவர் கழிக்க வேண்டியதைவிட அதிகமாகவே கழிப்பார்.

கயிற்றை எப்போது மாற்ற வேண்டும்?

ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன் கயிறு முழுவதையும் கைக்குள் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். ஓரிடத்தில் தளர்ந்து பள்ளமாகவோ, கல்போல் கெட்டியாகவோ, சூட்டில் உருகி வழவழப்பாகவோ தெரிந்தால் உட்கரு சேதமாகியிருக்கிறது. உறை அறுந்து உள்ளிழை தெரிந்தாலும், பெரும் எடை திடீரென இறங்கியிருந்தாலும், அமிலமோ பேட்டரித் தண்ணீரோ பட்டிருந்தாலும் அத்துடன் சரி. எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், துணியால் ஆன கருவிகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டுகளே எல்லை வைக்கிறார்கள். நாள்தோறும் ஏறுபவரின் கயிறு அதில் பாதிகூட உழைப்பதில்லை. அழுக்கானால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், சலவைத்தூள் வேண்டாம். கழித்த கயிற்றை மட்டும் முழு நீளத்தில் வைத்திருக்காதீர்கள். யாராவது ஒரு பையன் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவான். இரண்டிரண்டு முழமாக நறுக்கிவிட்டால் மாடு கட்டுவதற்கு ஆகும்.